நம்பர் இல்லாத வண்டிக்கு அர்ச்சனை

என் தங்கை குமுதாவின் புருஷன் விமலனை நேரில் பார்த்தால் 'மாப்பிள்ளை' என்பேன், 'நீங்க' என்பேன். உறவு என்று ஒன்று இருக்கிறதே. இங்கே 'அவன்' போதும்.

அவனுக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பட்டறை. ஜன்னல் கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வான். பொய் சொல்லக்கூடாது, வெல்டிங் அருமையாக வரும். பிரிக்பீல்ட்ஸில் என் பூக்கடைக்குக் கேட் போட்டதும் அவன்தான், இன்றைக்கும் சத்தமில்லாமல் திறக்கிறது. அந்தத் தொழிலோடு நின்றிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு மாலை கட்டிக்கொண்டிருப்பேன்.

கிள்ளானில் அவர்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி நின்றது. பெயிண்ட் உதிர்ந்து, கரும்புகை கக்கும் கிழட்டு லோரி. குமுதாவின் பிழைப்பு அதில்தான் ஓடியது. பந்திங்கைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டுகிறவர்களுக்கு மதியச் சோறு போடும் கான்ட்ராக்ட் அவளுடையது. தோட்டத்துக் கேட்டுக்கு உள்ளே மண்பாதை. ஒரு மழை பெய்தால் முழங்கால் சேறு. அவளுடைய சின்னக் கார் அதில் இறங்கினால் ஏறாது. அந்த லோரி மட்டும் சோறு, குழம்பு, கூட்டு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு முனகியபடியே ஏறிவிடும்.

அப்படிப்பட்ட வண்டியைத்தான் விமலன் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்கு எடுத்துப்போக ஆரம்பித்தான். ஒரு ஆஃப் ரோடு கிளப்பில் சேர்ந்துவிட்டானாம். வேலைமெனக்கெட்டு வண்டியைச் சேற்றில் இறக்கி, மாட்டிக்கொண்டு, இழுத்து வெளியே எடுத்து, அதைப் போட்டோ பிடித்துப் போடுகிற கூட்டம் அது. முதலில் வண்டியை உயர்த்தினான். பிறகு பெரிய டயர். பிறகு முன்னால், சேற்றில் மாட்டினால் கம்பிக் கயிறு சுற்றி இழுக்க ஒரு வின்ச். அதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை, டயர் பெரிதானால் சோறும் சீக்கிரம் போய்ச் சேரும் என்று குமுதாவே சமாதானம் சொன்னாள்.

அங்கேதான் பேசில் வந்து சேர்ந்தான். கிளப்பின் தலைவன், மூன்று வண்டி வைத்திருப்பவன். விமலனின் லோரியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "எவ்ளோ மோடிஃபை பண்ணாலும் கிழவி கிழவிதான் லா, போஸ். வெயிட்ட பாரு. தைரியம் இருந்தா பக்கி கட்டு" என்றானாம். பக்கி என்றால் கதவு, கூரை, கண்ணாடி எதுவும் கிடையாது. இரும்புக் குழாயை வளைத்து ஒட்டிய கூண்டு, உள்ளே இஞ்சின், நாலு டயர், ரெண்டு சீட். நம் பேச்சில் பக்கிக்கு வேறு அர்த்தம் உண்டு. கட்டியவனுக்கு அது பொருத்தமாகவே அமைந்தது.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான். பேசில் பக்கி கட்டியது மிச்சமிருந்த வண்டியில். விமலன் அறுத்தது இருந்த ஒரே லோரியை. இஞ்சின், கியர்பாக்ஸ், அச்சு எல்லாம் கழன்று பட்டறைக்குப் போயின. உடம்பு செங்கல் மேல் உட்கார்ந்தது.

"மாப்பிள்ள, சோறு எப்படிப் போகும்?" என்று போனில் கேட்டேன்.

"கொஞ்ச நாள்தான் அக்கா. பக்கி ரெடியானா பறக்கும். லோரி ஏறாத இடமெல்லாம் ஏறும்."

"பானைய எங்க வைப்பீங்க?"

"அதெல்லாம் பாத்துக்கலாம் லா."

கொஞ்ச நாள் மாதக்கணக்கானது. குமுதா கேட் வரைக்கும் காரில் கொண்டுபோய், தோட்டத்து டிராக்டருக்காகக் காத்துக் கிடந்தாள். டிராக்டர் வந்த நாள் சோறு போகும், வராத நாள் ஆறும். பசியில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் மேனேஜர் கூப்பிட்டு, இந்த மாதத்தோடு பார்க்கிறேன், சோறு நேரத்துக்கு வராவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி குமுதா போனில் அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் விமலனை அவன் வெல்டிங் கம்பியாலேயே நாலு வைக்கலாம் போலிருந்தது.

ஒருவழியாக பக்கி முடிந்தது. தோட்டத்து முனியாண்டி கோயிலில் பூசை போட வேண்டும் என்றான். ரோட்டில் ஓட்ட முடியாத வண்டி என்பதால் வாடகை லோரியில் ஏற்றி வந்தான். நான் மாலையோடு போயிருந்தேன். இறக்கியதும் பார்த்தேன். கிள்ளான் வீட்டு ஜன்னல் ஒன்று சக்கரம் கட்டிக்கொண்டு வந்து நின்ற மாதிரி இருந்தது. குழாய்க்கு நடுவே ஒரு பூ டிசைன்கூட வைத்திருந்தான், பழக்கதோஷம்.

பூசாரி நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். சுருட்டு ஏற்றி வைத்தார். பேரும் நட்சத்திரமும் கேட்டுக்கொண்டு, "வண்டி நம்பர் சொல்லுங்க" என்றார். வண்டிக்கு அர்ச்சனை என்றால் நம்பரைச் சொல்லித்தானே செய்வது?

பதிவு பண்ணாத வண்டிக்கு நம்பர் எங்கே இருக்கும்?

"நம்பர் இல்லாம சாமிக்கு எந்த வண்டின்னு தெரியும்?" என்றார் பூசாரி. "பிளேட்டுக்குச் சந்தனமும் வைக்கணும்."

ஆசையாக எடுத்து வைத்திருந்த பழைய லோரியின் பிளேட்டை விமலன் சீட்டுக்கு அடியிலிருந்து உருவினான். கம்பி போட்டு முன்னால் கட்டினான். பூசாரி அதற்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, அந்த நம்பரை மூன்று தரம் சொல்லி அர்ச்சனை பண்ணினார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. விமலன் முகத்தில் அப்படி ஓர் ஒளி. "முனியாண்டியே நம்பர் குடுத்துட்டாரு அக்கா, பாத்தீங்களா?" என்றான். வாடகை லோரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, பக்கியிலேயே கிள்ளானுக்குக் கிளம்பினான். குமுதா வேண்டாம் என்று கெஞ்சியது அந்த இஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்டது?

நாங்கள் காரில் பின்னால் போனோம். தோட்டத்துக் கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே ரோட் பிளாக். போலிஸ்காரர் சந்தனம் வழியும் பிளேட்டைப் பார்த்தார், கையிலிருந்த கருவியில் நம்பரைத் தட்டினார், மறுபடி வண்டியைப் பார்த்தார்.

"அபாங், இனி லோரி கா?" என்று கேட்டார். அண்ணே, இதுவா லோரி?

விமலன் மலாயில் முனியாண்டியைப் பற்றி ஏதோ விளக்க ஆரம்பித்தான். அவர் பொறுமையாகக் கேட்டார், பிறகு அபராதச் சமன் எழுதிக் கொடுத்து, வந்த இடத்துக்கே தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். மத்தியான வெயிலில் நானும் குமுதாவும் அவனும் அதைத் தோட்டத்துக்குள் தள்ளினோம். மாலைக்கு நான் காசு வாங்கவில்லை, தள்ளியதற்காவது வாங்கியிருக்க வேண்டும்.

மறுநாள் டிராக்டர் வரவில்லை. குமுதா கேட்டருகே காவலுக்கு இருக்கும் ஜாகாவின் கொட்டகையில் நின்ற பக்கியைப் பார்த்தாள். தோட்டத்துக்குள் எந்தப் போலிஸ்காரர் நம்பர் கேட்கப்போகிறார்? சோத்துப் பானையைப் பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்து, விமலன் ஆசை ஆசையாக வாங்கிய ரேசிங் பெல்ட்டை அதற்குக் குறுக்கே இறுக்கினாள். குழம்பைக் காலடியில் வைத்தாள். ஓட்டினாள். மண்பாதையில் அது ஆடு மாதிரி ஏறியதாம். சோறு சூடாகப் போய்ச் சேர்ந்தது. மாதக் கடைசியில் மேனேஜர் கான்ட்ராக்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சீட்டையே கழற்றச் சொல்லி, பானை உட்காரச் சட்டம் ஒட்டித் தரச் சொன்னாள். விமலன் ஒட்டிக் கொடுத்தான். வெல்டிங் அருமை.

ஒரு சனிக்கிழமை கிளப் ஆட்களோடு பேசில் பக்கியைப் பார்க்க வந்தான். நான் அன்று குமுதாவுக்கு உதவியாகப் போயிருந்தேன். விமலன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டருகே நின்றான். காலிப் பானைகளோடு குமுதா சேற்று மேட்டிலிருந்து சரசரவென்று இறங்கி, பேசிலின் காலுக்கு அருகில் பிரேக் போட்டாள்.

"அம்மாடி! என்னா கன்ட்ரோல் லா!" என்றான் பேசில். விமலன் பக்கம் அவன் திரும்பவே இல்லை. "சிஸ்டர், நாளைக்கு நம்ம போட்டிக்கு நீங்களே ஓட்டுங்க."

"வரலாம் அண்ணே. பாத்திரம் கழுவ ஆளில்லையே."

எல்லோரும் விமலனைப் பார்த்தார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது. அவன் புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, குழம்புப் பானையை இறக்கி, குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போனான்.