ஸ்டெஃபானியா வீட்டு இரண்டாவது தட்டு

கனடாவில், வின்னிபெக் நகரின் வடபகுதியில் பஸ் ஓட்டும் உக்ரைன்காரி ஸ்டெஃபானியாவைத் தெரியாதவர்கள் இல்லை. தெருக்கோடியில் நகராட்சி இலவசமாக விட்டிருக்கும் கூடத்தைத் திறந்து, மாதம் ஒரு ஞாயிறு அக்கம்பக்கத்தாரை ஒரே மேஜையில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுவது அவள்தான். "உங்க ஆளு, எங்க ஆளுன்னு பிரிச்சு உக்கார்றவன் இங்க வரக்கூடாது!" என்று வாசலிலேயே அதட்டுவாள்.

அவள் வீட்டு மாடியில் குடியிருந்த எரித்ரியாக்காரன் டெஸ்ஃபாலெம், புளித்த மாவு ரொட்டியைப் பெரிய வட்டத் தட்டில் விரித்துக் கொண்டுவருவான். எல்லோரும் அதிலேயே கை வைக்க வேண்டும். முதல் வாயை ஸ்டெஃபானியாவுக்கு ஊட்டிவிடுவான். பிரியமானவர்களுக்கு அப்படி ஊட்டுவது அவன் ஊர் வழக்கம். "நல்லா திறங்கக்கா, பஸ் கதவு மாதிரி!" என்பான். அவளும் ஆவென்று திறப்பாள். கூடமே சிரிக்கும்.

அந்த வருஷம் அவள் கணவன் ஓரெஸ்த் மாரடைப்பில் போய்விட்டான். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் டெஸ்ஃபாலெமும் ஒருவன். அவன் மனைவி விசா கிடைக்காமல் சூடானில் கிடக்கிறாள், பண்டிகையும் அதுவுமாகத் தனியாக இருப்பானே என்று கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தன் வீட்டு விருந்துக்கு ஸ்டெஃபானியா அவனைக் கூப்பிட்டாள்.

உக்ரைன்காரர்களின் அந்த விருந்தில் இறந்தவர்களுக்கும் ஒரு தட்டு உண்டு. தேனும் கசகசாவும் சேர்த்த கோதுமைப் பொங்கலைப் பரிமாறி, மெழுகுவர்த்தி ஏற்றி, நாற்காலியைக் காலியாக விடுவார்கள். இதை அவனிடம் முன்கூட்டியே சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்லவில்லை, மகராசி. தன் வீட்டு வழக்கத்தையும் ஒருவருக்கு விளக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவன் வந்தான். பரிமாறியிருந்த தட்டு தனக்குத்தான் என்று நினைத்து ஓரெஸ்தின் நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு கரண்டி அள்ளி அவள் வாயருகே நீட்டினான். "திறங்கக்கா."

கொழுந்தன் பெட்ரோ மேஜையில் ஓங்கிக் குத்தினான். "எழுந்திர்றா! அது எங்க அண்ணன் இடம்! செத்துப்போன மனுஷனோட தட்டுடா அது!"

நீட்டிய கரண்டி அப்படியே நின்றது. அந்த ஒரு வாயை அவள் வாங்கியிருந்தால் போதும், எல்லாம் சரியாகியிருக்கும். புருஷன் நாற்காலியில் இன்னொருவனைக் கண்டதும் அவளுக்கு வாயைத் திறக்க மனம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "மன்னிச்சிருங்கக்கா, தெரியாம பண்ணிட்டேன்" என்று கரண்டியை வைத்துவிட்டு அவன் மாடியேறினான்.

மறுநாள் அழுதுகொண்டே மாடியேறி அவன் வாசலில் போய் நின்றாள். உட்கார வைத்துக் காபி போட்டுக் கொடுத்தான். "அட, விடுங்கக்கா" என்றான். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்தான். அதன்பிறகு கூடத்துப் பக்கம் வரவே இல்லை. அவள் இன்னும் மாதம் தவறாமல் பரிமாறிக்கொண்டுதான் இருக்கிறாள். வாசலில் நின்று அதட்டுவதை மட்டும் விட்டுவிட்டாள், பாவம்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு இரண்டு தட்டுகளில் பொங்கல் வைத்தாள். இரண்டு நாற்காலிகளைக் காலியாக விட்டாள்.

"ரெண்டாவது யாருக்கு அண்ணி? வேற யாரு செத்தா?" என்றான் பெட்ரோ.

"யாரும் சாகல. நாலு தெரு தள்ளி உயிரோடதான் இருக்கான்" என்றாள்.