சனிக்கிழமை முடிச்சு

நான்காவது பிள்ளையின் வலது காலுறையையும் கழற்றி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு, துஷ்யந்தி வாசல் பக்கம் திரும்பினாள். அங்கே பிளாஸ்டிக் கதிரைகளில் தாய்மார் இருந்தார்கள்.

“எத்தினை தரம் சொல்லுறது? இடது காலுக்கு மட்டும் போட்டு அனுப்புங்கோ. சோடி பார்க்க நான் என்ன சப்பாத்துக் கடையே வச்சிருக்கிறன்?”

காலுறை போட்ட கால் இடது. பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லைவிட இது சுலபம். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் குறுகிய ஒழுங்கையொன்றில் இருக்கும் மண்டபத்தில், சனி காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை, அவள் கராத்தே பழக்கும் ஆறு பேருக்கும் கைகால் சொன்ன ஒழுங்கில் வருவதில்லை. சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவார்கள். வெறுந்தரையில் தடுக்கி விழுவார்கள். டொக்டர்கள் அதற்கு நீளமான பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். “கடிதத்தைப் பையில வையுங்கோ, பிள்ளையை உள்ள விடுங்கோ” என்பாள் துஷ்யந்தி.

வயது நாற்பத்தாறு. கிழமை நாட்களில் பம்பலப்பிட்டியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அங்கே அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. இங்கே, பக்கத்துத் தண்டவாளத்தில் போகும் ரயிலின் சத்தத்துக்கு மட்டும் அடங்குவாள். எண்ணிக்கொண்டிருக்கும்போது ரயில் வந்தால் நிறுத்திவிடுவாள். கடைசிப் பெட்டி போகும்வரை ஆறு பிள்ளைகளும் இடது காலை முன்வைத்தபடி ஆடிக்கொண்டு நிற்பார்கள். யாராவது ஒரு பிள்ளை விழும். அவள் தூக்கமாட்டாள். இரண்டு கைகளையும் முதுகுப்புறமாகத் தன் இடுப்புப் பட்டிக்குள் செருகிக்கொள்வாள். “கை வெளியில இருந்தா தன்பாட்டில தூக்கப் போயிடும்” என்று ஒருமுறை சொன்னாள்.

மஞ்சள் பட்டிப் பரீட்சைக்கு இன்று பத்து மணிக்குள் பெயர் அனுப்பவேண்டும். தன் பட்டியைத் தானே கட்டுகிற பிள்ளையைத்தான் அனுப்புவாள். ஐந்து பெயர் எழுதியாயிற்று. மிச்சம், ஒன்பது வயது பஹ்மா. ஏழு மாதமாக அந்த முடிச்சு அவளுக்குப் பிடிகொடுக்கவில்லை.

இன்று வரும்போதே பஹ்மாவின் இடுப்பில் முடிச்சு அச்சடித்ததுபோல் இருந்தது. துஷ்யந்தி பட்டியைப் பிடித்து இழுத்தாள். பின்பக்கம் ‘டப்’பென்று கழன்று முடிச்சோடு கையில் வந்தது. முடிச்சு நூலால் தைக்கப்பட்டிருந்தது. பின்னால் இரண்டு அழுத்துப் பொத்தான்கள்.

“இதென்ன?”

பஹ்மாவின் உம்மா ஹமீமா எழுந்தாள். “நான்தான் தச்சன் மிஸ். புள்ள மூணு நாளா அழுகுது. கட்டினா என்ன, பொத்தான் போட்டா என்ன? இடுப்புல நிக்குதுதானே.”

“அப்ப பரீட்சைக்கும் நீங்களே வாறீங்கள்?”

“கூப்பிட்டா வாரன். எனக்கு நல்லாக் கட்டத் தெரியும்.”

மற்றத் தாய்மார் சிரித்தார்கள். துஷ்யந்தி சிரிக்கவில்லை. கத்தரிக்கோல் கேட்டாள். அதுவும் ஹமீமாவின் கைப்பையில்தான் இருந்தது. தையலை வெட்டிப் பட்டியைப் பஹ்மாவின் தோளில் போட்டுவிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

பயிற்சி முழுவதும் பஹ்மா ஒரு மூலையில் நின்று கட்டினாள். சுற்றினாள். ஒரு நுனி நீண்டது, மற்றது வழுக்கியது. மறுபடி சுற்றினாள்.

“மிஸ், இது சொல்றதக் கேக்குதில்ல.”

“நான் சொல்லுறதையும்தான் இங்க ஒருத்தரும் கேக்கினமில்லை. நீ கட்டு.”

ஒன்பதரைக்கு மண்டபக் காவலாளி சந்திரகுமார் வாசலில் நின்று மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். “மிஸ், டைம். டான்ஸ் டீச்சர் வந்து நிக்கிறா.” அவருக்குப் பின்னால் சலங்கைச் சத்தம் கேட்டது. மற்றப் பிள்ளைகள் காலுறைகளை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள்.

ஹமீமா பாதி எழுந்தாள். “மிஸ், ஒரே ஒரு சுத்து மட்டும் நான்...”

“இருங்கோ ஹமீமா.”

பஹ்மா நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு நுனியை இரண்டு சுற்றுக்கும் அடியால் நுழைத்தாள். அது மறுபக்கம் வந்தது. அடுத்து என்ன என்று தெரியாமல் அதைப் பிடித்தபடியே நின்றாள்.

துஷ்யந்தி ஒரு கையை மட்டும் பட்டிக்குள்ளிருந்து எடுத்தாள். சந்திரகுமாரின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு அந்தக் கையைத் திரும்பவும் பட்டிக்குள் செருகிக்கொண்டாள்.