மந்தம் சரிபோது

பள்ளிக்கூடத்தில் எனக்கு 'சோடாபுட்டி' என்று பெயர். மென்பொருள் வேலை கிடைத்து ஹைதராபாத்துக்கு வந்த பிறகும் கண்ணாடியின் கனம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. மெட்டுகுடாவில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அக்கா வாழ்க்கைப்பட்டது, ரயில்வே வேலைக்காக எப்போதோ வந்து இங்கேயே ஊன்றிவிட்ட தமிழ்க் குடும்பத்தில். தெலுங்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

கண்ணாடியைக் கழற்ற லேசர் ஆபரேஷன் என்ற பேச்சை எடுத்ததே அக்காதான். எனக்குப் பயம். கண் என்ன கைவளையலா, உடைந்தால் வேறு வாங்கிப் போட்டுக்கொள்ள?

"டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு முடிவு பண்ணுடி. நான் கூட வர்றேன்ல" என்றாள்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கருவிழியை அளந்த பெண், திரையைப் பார்த்துவிட்டு அக்காவிடம் தெலுங்கில் மளமளவென்று பேசினாள். எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: "மந்தம் சரிபோது." பார்வை மந்தமாக இருந்தது போதும், சரி செய்துவிடலாம் என்கிறாள் என்று நானே பொழிப்புரை எழுதிக்கொண்டேன்.

"சரியாம்லக்கா?"

"ஹவ்டி. சரின்னுதான் சொல்றாங்க." ஆமாம் என்பதற்கு அவள் வாயில் ஹைதராபாத் 'ஹவ்'தான் வரும்.

டாக்டர் வர நேரமாகும் என்று கையோடு அழைத்து வந்துவிட்டாள். ஆபரேஷனை மாரெட்பள்ளியில் தனக்குத் தெரிந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாமாம். வீட்டுக்குப் பக்கமாம். நான் தலையாட்டினேன்.

மறுநாள் அலுவலகத்தில், சாப்பிடும்போது, பக்கத்து இருக்கைத் தோழியிடம் பெருமையாக அந்த இரண்டு சொற்களையும் ஒப்பித்தேன். தெலுங்குக்காரி. சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டாள். தெலுங்கில் மந்தம் என்றால் தடிமன், சரிபோது என்றால் போதாது என்றாள். என் கருவிழியின் தடிமன் லேசருக்குப் போதாது. அதைத்தான் அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கோங்குரா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றபடியே கேட்டேன். அவள் நிமிரவில்லை.

"மாரெட்பள்ளில மறுபடி பாப்பாங்கல்ல. அவங்க முடியும்னா பண்ணட்டுமேன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஏன் மறைச்ச?"

அப்புறம்தான் பூனைக்குட்டி வெளியே வந்தது. தன் கொழுந்தனுக்கு என்னைக் கட்டிவைக்க அவளுக்கு ஆசை. மாமியாரோ, "கண்ணாடி போட்ட பொண்ணு நக்கோ, வேணவே வேணாம்" என்று சொல்லிவிட்டாராம். என்னைக் கேட்காமல், என் கண்ணைப் பணயம் வைத்து ஒரு சம்பந்தம்! நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று ஊரில் சொல்வார்கள். ஊரார் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இவளிடம் அழுகைதான் வந்தது.

"லேசரும் வேணாம், கொழுந்தனும் வேணாம்" என்றேன்.

"உன் நல்லதுக்குத்தானேடி செஞ்சேன்" என்று என் கையைப் பிடித்தாள்.

கையை விடுவித்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன்.

"சரிபோது" என்றேன்.

அவளுக்குத்தான் தெலுங்கு நன்றாகத் தெரியுமே.