மோட்டார் ரூமில் இருந்த உப்பு

நம் தோட்டத்து மோட்டார் ரூமில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் ஒரு கண்ணாடி பாட்டில் இருந்தது. அதில் கல் உப்பு இருந்தது. அதை அங்கே வைத்தவன் நான். ஒன்றரை வருடம் அது உங்கள் இருவருக்கும் தெரியாது, உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. பிறகு தெரிந்துவிட்டது. ஆனால் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று உங்களிடம் நான் முழுதாகச் சொல்லவே இல்லை. பேச உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன் என்று தெரிந்ததால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவன். டாக்டரம்மா சொன்னதை எனக்கு விளங்கிய மட்டில்தான் சொல்ல முடியும்.

எனக்குப் பிரஷர் இருப்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. திராட்சைக் கொடியைக் கவாத்து வெட்டும்போது கத்தரி நழுவி விரலைப் பிளந்துவிட்டது. தையல் போட தேனிக்குப் போனேன். கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்த நர்ஸ், முகம் மாறி இன்னொரு முறை பார்த்தார். நூற்றி எண்பதுக்கு மேல் இருந்தது. தலை வலிக்குமா, கால் வீங்குமா என்று கேட்டார். காலையில் பிடரி கனப்பது உண்டு. சாயங்காலம் செருப்பு வார் காலில் பதிந்து கிடப்பதும் உண்டு. திராட்சைப் பந்தலுக்குக் கீழே நாள் முழுக்க அண்ணாந்தே நிற்கிறவனுக்குப் பிடரி வலிக்காமல் என்ன செய்யும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் கொஞ்சம் அடிபட்டிருக்கிறது என்றார் டாக்டரம்மா. தினமும் மாத்திரை, கூடவே உப்பைக் குறைக்க வேண்டும்.

"மாத்திரை பாதி வேலைதாங்க செய்யும். மீதி உங்க அடுப்படியிலதான் இருக்கு" என்று கூட வந்திருந்த உங்கள் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வீட்டில் ஒரே குழம்பு, ஒரே உப்பு. எனக்கு மட்டும் தனியாக வைக்கச் சொன்னதற்கு, "நாங்க மூணு பேரும் ருசியாத் திங்க, நீங்க மட்டும் சப்புன்னு திங்கவா? எல்லாரும் ஒண்ணாப் பழகிக்கிருவோம்" என்றாள். அப்பளம் நின்றது, கருவாடு நின்றது, மோர் மிளகாய் நின்றது. உப்பைக் கையால் அள்ளிப் போட்டவள் ஸ்பூன் வைத்து அளந்தாள்.

முதல் வாரம் மகள் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "ஏம்மா, இந்தக் குழம்ப ஆஸ்பத்திரியில இருந்து வாங்கியாந்தியா?"

"ஆமாத்தா. திங்கலைன்னா அடுத்து ஊசிதான்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

தோட்டத்தில் மத்தியானம் பக்கத்துக் காட்டு மாமாவோடுதான் சாப்பிடுவேன். உங்களுக்குத் தெரியும், நம் பக்கம் தூக்குச்சட்டியைத் திறந்தால் தனியாகச் சாப்பிட மாட்டோம். என் கஞ்சியில் ஒரு வாய் குடித்தவர் துப்பிவிட்டார்.

"என்ன மாப்ள இது, மாட்டுக்கு வச்ச கழனித்தண்ணியா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் என் பனியனைக் காட்டினார். முதுகில் வேர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. "அந்தா, ஒன் உப்பு பூராம் சட்டையில இருக்கு. உள்ள என்ன இருக்கும்? ஆஸ்பத்திரியில ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கவகளுக்கு இங்கன அடிக்கிற வெயில் தெரியுமா? போனதத் திரும்பப் போடணும்ல, மாப்ள." ஒரு சிட்டிகை எடுத்து என் கஞ்சியில் போட்டார்.

அவர் மேல் பழி போட இதை எழுதவில்லை. அவர் நல்ல எண்ணத்தில் சொன்னார். அந்தக் கஞ்சி எனக்கு ருசித்தது, அதுதான் உண்மை. மறுவாரம் பாட்டில் வந்தது. முதலில் சிட்டிகை, பிறகு விரல் நிறைய, பிறகு மாங்காய்க்கு, வெள்ளரிக்கு, புளிப்புத் திராட்சைக்கு. காலில் வீக்கம் வந்தால் அன்றைக்கு நின்றது அதிகம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒன்றரை வருடம் கழித்தும் பிரஷர் இறங்கவில்லை. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார். பிறகு ஒரு வெள்ளை கேனைக் கொடுத்து, ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரை ஒரு சொட்டு விடாமல் அதில் பிடித்து வரச் சொன்னார். எங்கே போனாலும் கேனும் கூடவே போக வேண்டும். மஞ்சப் பையில் வைத்துத் தோட்டத்துக்கு எடுத்துப் போனேன். பக்கத்துக் காட்டு மாமா பையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போறியா?" என்றார்.

அன்றைக்கும் நான் கஞ்சிக்கு உப்புப் போட்டேன். உப்பு வேர்வையில் போவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். சட்டையில் கண்ணால் பார்த்தது அதைத்தானே. சிறுநீரில் அது வந்து என்னைக் காட்டிக்கொடுக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ரிசல்ட்டை டாக்டரம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு உங்கள் அம்மாவிடம் கேட்டார். "ஒரு நாளைக்கு வீட்டுல எவ்வளவும்மா உப்பு போடறீங்க?"

"நாலு பேருக்கும் சேத்து ரெண்டு ஸ்பூன், அளந்துதான் போடறேன். பிள்ளைகளும் அதைத்தான் திங்குதுக."

"ஊறுகாய், கருவாடு, கடைச் சாப்பாடு?"

"எதுவும் கிடையாது டாக்டர்."

"சாப்பிட்ட உப்பு அநேகமா எல்லாம் சிறுநீர்லதான் வெளிய வரணும்மா. இதுல வந்திருக்கறதப் பாத்தா நீங்க சொல்றதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல இருக்கே."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா என்னையும் பார்த்தார். அப்போதும் நான் காலண்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பஸ் வீரபாண்டியைத் தாண்டியது. அம்மா தன் உள்ளங்கையைப் பார்த்தபடி, "என் கைதான் கூடிப்போச்சு போல. ஸ்பூன்ல குமிச்சா எடுத்துட்டேன்?" என்றாள். அவள் தலைதட்டித்தான் எடுப்பாள். எனக்கு அது தெரியும். சின்னமனூரில் இறங்கி ஓடைப்பட்டி பஸ்ஸுக்கு நிற்கும்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து ஸ்பூன் மாறியது. மருந்து பாட்டிலோடு வரும் சின்ன ஸ்பூன். உங்கள் சோற்றில் இருந்த கொஞ்ச நஞ்ச உப்பும் போனது. மகன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன டப்பா இரண்டு நாள் அப்படியே திரும்பி வந்தது. மூன்றாம் நாள் காலை தட்டைத் தள்ளிவிட்டான். அம்மா அடிக்கக் கை ஓங்கி, அடிக்காமல் நின்று, "ஏலே, ஒங்கப்பா நமக்கு வேணுமா வேணாமா?" என்று கேட்டாள். அவன் தட்டை இழுத்துக்கொண்டான். தண்ணீரைக் குடித்துக் குடித்து முழுவதையும் தின்று முடித்தான். என்னைப் பார்த்து, "சாப்பிட்டேம்ப்பா" என்றான்.

நான் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

அன்று சொட்டுநீர் பில்டர் கழுவ வேண்டிய நாள். நம் பில்டருக்கு முன்னால் அழுத்தம் காட்டுகிற ஒரு கேஜ், பின்னால் ஒரு கேஜ் இருப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பில்டர் அடைத்தால் முன் கேஜில் முள் ஏறும். அப்படியே ஓட்டினால் டியூப் தெறிக்கும், மோட்டாரும் போகும். முள் ஒரு கோடு ஏறினாலே நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கழுவுகிறவன். போர்வெல் தண்ணீர் உப்பாகி இலை ஓரம் கருகிய வருடம், கொடிக்கு என்ன ஆகுமோ என்று தூங்காமல் இருந்தவன். அந்த பில்டரைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் இருந்த பாட்டிலைப் பார்த்தேன். என் முள் ஒன்றரை வருடமாக ஏறி நிற்கிறது. பழி ஏற்றவள் அவள். பட்டினி கிடப்பது என் மகன்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். மேடை மேல் வைத்தேன். எங்கே இருந்தது, எத்தனை நாள் என்று சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"இது எத்தனாவது பாட்டில்?"

"நாலாவது."

மூடியைத் திருகி மூடினாள். கொதித்துக்கொண்டிருந்த குழம்பில் எனக்கு வேண்டியதை முதலில் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். மீதிக் குழம்பில், முன்னைப்போல் கையால் உப்பை அள்ளிப் போட்டாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "குழம்பு சூப்பரும்மா" என்று நீங்கள் இருவரும் குதித்தது அதனால்தான். நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

ஐந்தாம் நாள் அவளே என்னை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். "டாக்டர்ட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள். சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை. ஒரு தாளை எடுத்து இரண்டு சிறுநீரகத்தையும் அவரை விதை போல வரைந்தார்.

அவர் சொன்னது எனக்கு இப்படி விளங்கியது. நம் பில்டர் மண்ணைத் தடுத்து நிறுத்தும். சிறுநீரகம் அப்படி இல்லை. அறுவடை அன்று நாம் பழத்தைத் தரம் பிரிப்பது போலத்தான் அது. கூடை முழுவதையும் கொட்டிவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப அடுக்குகிறோம் அல்லவா? அதுவும் ரத்தத்தில் உள்ள உப்பையும் தண்ணீரையும் நாள் முழுக்கக் கொட்டிக் கொட்டி, வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே அனுப்புகிறது. அது அனுப்பக்கூடியதைவிட உப்பு அதிகமாக வந்தால், மிச்சம் உள்ளேயே தங்கும். உப்பு தங்கினால் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். குழாய் அதே குழாய், ஓடுகிற தண்ணீர் அதிகம். பிரஷர் ஏறும். அந்தப் பிரஷர் முதலில் அடிப்பது சிறுநீரகத்துக்குள் இருக்கிற மயிரிழைக் குழாய்களை. அவை கெட்டால் உப்பை வெளியே தள்ளும் சக்தி இன்னும் குறையும். பிரஷர் இன்னும் ஏறும்.

"அப்ப வேர்வை?" என்று கேட்டேன்.

"வருஷக்கணக்கா வெயில்ல வேலை பாக்கற உடம்புங்க உங்களுது. உப்பை விடாமப் பிடிச்சு வச்சுக்க அதுக்கே தெரியும். சிறுநீரகமும் பிடிச்சுக்கும், வேர்வையிலயும் கம்மியாத்தான் விடும். சட்டையில பாத்தது உண்மைதான். அதுக்காக பாட்டில் தேவையில்ல. வெயில்ல மயக்கமா, தலைசுத்தலா இருந்தா என்கிட்ட வாங்க, நான் சொல்றேன்."

சிறுநீரகத்தில் கெட்டுப்போன பகுதி திரும்ப வருமா என்று அம்மா கேட்டாள். வராது என்றார் டாக்டரம்மா. இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

இப்போது பிரஷர் பெரும்பாலும் அடங்கி இருக்கிறது. மாத்திரையை விடுவதில்லை. பிடரி கனமும் இல்லை. சிறுநீரகம் போன வருடம் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கிறது. அதற்கு மேல் எனக்கு வாக்குக் கொடுக்க யாராலும் முடியாது, உங்களுக்கு நானும் கொடுக்க மாட்டேன்.

உப்புப் போட்டீர்களா என்று உங்கள் அம்மா என்னிடம் கேட்பதே இல்லை. டாக்டரம்மா சிறுநீர் பிடிக்கச் சொல்கிற நாள் வந்தால், அந்த வெள்ளை கேனைக் கழுவிக் காயவைத்து மஞ்சப் பையில் போட்டு, என் தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள். நான் இரண்டையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவேன்.