ஆட்டத்தில் இருக்கிறார்

காலை ஒன்பதேகாலுக்கு ஆமை அக்கா பேருந்தாக இருந்தார். முதுகுக்குப் பின்னால் ஐந்து குழந்தைகள், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு. நாலு வயது ஓட்டுநர் முன்னால் நின்று ஒரு பிளாஸ்டிக் தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். கை கழுவும் இடத்துக்கு வந்ததும் ஓட்டுநர், "செவப்பு லைட்டு!" என்று கத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். போன இடத்தில், தொட்டித் தண்ணீரில் மிதக்கும் மூடிகளைக் கண்டதும் அவருக்கு வேலை மறந்துபோயிற்று. பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி நடையைக் கட்டினார்கள். பேருந்து மட்டும் ஒரு குதிகாலை லேசாகத் தூக்கியபடி அப்படியே நின்றது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு நிமிடம்.

அது ஒரு மழலையர் காப்பகம். இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயது வரை இருபத்திரண்டு குழந்தைகள், பெரிய அறை ஒன்று, அதில் மூன்று பராமரிப்பாளர்கள். புதிதாகச் சேரும் குழந்தையோடு பெற்றோரில் ஒருவர் முதல் இரண்டு வாரம் அறையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன் என்பதால் அது என் தலையில் விழுந்தது. என் மகள் மூன்றாம் நாளே என்னை மறந்துவிட்டாள். எனக்குத்தான் பழக நாளாயிற்று.

அந்தப் பதினோரு நிமிடத்தின் நடுவில் எழுந்து போய், "பாப்பாவோட தண்ணி பாட்டில் எங்க வச்சிருக்கீங்க?" என்று அவரிடம் கேட்டேன். அவர் என்னைக் கனிவாகப் பார்த்தார். "பாம்" என்றார். நான் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். பாட்டில் பக்கத்து அலமாரியில்தான் இருந்தது. இதுக்கு ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு உத்தியோகம் என்று மனசுக்குள் சலித்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இடைவேளையில் அவரே வந்து விளக்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. யாரு என்னை ஆட்டத்துல சேத்தாங்களோ அவங்கதான் விடணும். நானா பாதியில எழுந்து போனா அப்புறம் அது என்ன ஆட்டம்?"

"அதுக்குள்ள ஏதாச்சும் ஆயிட்டா?"

"ரத்தம், ஈரம், புகை. இந்த மூணுக்கும் எழுந்துடுவேன்."

"அழுகைக்கு?"

"அழுகைக்கு மத்த ரெண்டு பேரு இருக்காங்களே. சில சமயம் பஸ்ஸே போய் ஏத்திக்கும்."

அது வெறும் பேச்சு இல்லை என்பதை மறுவாரமே பார்த்தேன். அன்று அவர் அலமாரியாக இருந்தார். இரண்டு கைகளையும் கதவாக விரித்து, உள்ளே மூன்று பொம்மைச் சட்டைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். அறையின் மறுகோடியில் ஒருவன் தடுக்கி விழுந்து உதடு கிழிந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்புவதற்குள் அலமாரி அங்கே இருந்தது. ரத்தத்தை ஒற்றி, ஈரத்துணி வைத்து, பையனைச் சக ஊழியரின் மடியில் உட்காரவைத்துவிட்டுத்தான் திரும்பினார். பழைய இடத்தில் நின்று கைகளை விரித்து, அலமாரியின் சொந்தக்காரியிடம், "மன்னிச்சுக்கங்க, கொஞ்சம் வெளிய போயிருந்தேன்" என்றார். அவளும் பெரிய மனதுடன் தலையசைத்தாள்.

வயது நாற்பத்தாறு. குள்ளம், நல்ல கனம். காற்சட்டையின் முட்டிகளில் தடித்த துணி வைத்துத் தைத்திருக்கும். வீட்டுக்காரர் தையல்காரர், அது அவர் கைவேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் யாரோ ஒரு குழந்தை இவரை ஆமையாக்கிவிட, அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குத் தவழ்ந்தே போயிருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது சாப்பாடு ஆறிப்போய், தட்டுகளையும் எடுத்துவிட்டார்களாம். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். வீட்டுக்காரர் அவசரத்துக்குக் காப்பகத்துத் தொலைபேசியில் கூப்பிட்டால், பொறுப்பாளர் அம்மா, "அவங்க ஆட்டத்துல இருக்காங்களே" என்பார். அவர் சளைக்காமல், "இப்ப என்னவா இருக்கா?" என்று கேட்பார். தபால் பெட்டி என்றோ கழுதை என்றோ பதில் வந்தால், "சரி, முடிஞ்சதும் பேசச் சொல்லுங்க" என்று வைத்துவிடுவார்.

தபால் பெட்டியாக இருந்த நாள் மற்ற பராமரிப்பாளர்களுக்கு இன்றும் சிரிப்பு. பெட்டியாக்கிய சிறுமியை அவள் அப்பா பாதியிலேயே பல் மருத்துவரிடம் கூட்டிப் போய்விட்டார். மாலை எல்லோரும் கிளம்பியாயிற்று. பெட்டி வாயைத் திறந்தபடி மூலையில் நின்றது. கடைசியில் பொறுப்பாளர் அம்மாதான் அந்த வீட்டுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, சிறுமியை அழைக்கச் சொன்னார். சிறுமி கொஞ்சம் யோசித்து, "ஐயோ பாவம், வீட்டுக்குப் போகச் சொல்லுங்க" என்றாளாம்.

"அப்புறம் ரெண்டு நாள் தாடை வலி" என்றார் ஆமை அக்கா, ஏதோ விருது வாங்கிய கதையைச் சொல்கிற முகத்துடன்.

இதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒரு பெரிய நிறுவனத்தில் வரவேற்பு மேசையில் இருந்தவர். "அங்கயும் இதே வேலைதாங்க. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் சிரிச்ச முகமா இருக்கணும். ஆனா 'போதும், எழுந்திரு'ன்னு சொல்ல ஒரு ஆளு கிடையாது." குழந்தைகளைப் பற்றிக் கேட்டால் அவ்வளவு சரளமாகப் பேச வராது. ஒருமுறை மட்டும், சின்னச் செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டே சொன்னார்: "காலையில இருந்து நாமதான் எழுப்பறோம், குளிக்க வைக்கறோம், ஊட்டறோம், போதும்ங்கறோம், வாங்கறோம், போங்கறோம். அவங்க சொன்னது அப்படியே நடக்கற எடம் ஒண்ணாச்சும் வேணாமா?"

நான் என்னவோ குழந்தைகள் எதையும் கற்றுக்கொள்ளாமல் பொழுதைப் போக்குகிறார்கள் என்று நினைத்தேன். அந்த ஓட்டுநர், பேருந்துக்குப் பின்னால் வரிசையாகப் போட்ட ஐந்து குட்டி நாற்காலிகளில் ஆறு பேரை ஏற்றுவது எப்படி என்று அரைமணி நேரம் மல்லுக்கட்டி, கடைசியில் மெலிந்த இருவரை ஒரே இருக்கையில் உட்காரவைத்த அன்று வாயை மூடிக்கொண்டேன். பேருந்து அதற்கு ஒரு யோசனையும் சொல்லவில்லை. பேருந்து எங்காவது யோசனை சொல்லுமா?

அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எழுத மாட்டார். ஒவ்வொரு குழந்தையையும் கவனித்து அன்றாடம் பதிவேட்டில் குறிக்க வேண்டும். மற்ற இருவரும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இவருடைய பக்கத்தில், "இன்று கதவாக இருந்தேன். நாலு முறை திறந்தார்கள்" என்று ஒரு வரி இருக்கும். அதனால்தான் மூன்று வருடமாகியும் தற்காலிகப் பணியிலேயே இருந்தார். இந்த முறை அதிகாரி ஒருவர் நேரில் வந்து, அரை மணி நேரம் இவரோடு பேசிப் பார்த்து, நிரந்தரமா இல்லையா என்று முடிவு செய்வதாக ஏற்பாடு. இல்லை என்றால் அந்த மாதக் கடைசியோடு சரி.

பொறுப்பாளர் அம்மாவுக்குத்தான் இவரைவிடப் படபடப்பு. ஒரு வாரமாக இவர் பின்னாலேயே அலைந்தார். "கை எடுத்துக் கும்பிடறேன், அன்னிக்கு ஒரு நாள் மட்டும் மனுஷியா இருங்க."

"இருக்கேங்க, இருக்கேங்க" என்றார் ஆமை அக்கா. உண்மையாகவே பயந்திருந்தார். கேட்கப்படும் கேள்விகளையும் பதில்களையும் வீட்டுக்காரரிடம் ஒப்பித்துப் பார்ப்பதாக என்னிடம் சொன்னார். இந்த வேலையை விட்டால் மறுபடி ஏதாவது ஒரு மேசைக்குப் பின்னால்தான் உட்கார வேண்டியிருக்கும். அது மட்டும் வேண்டாம் என்றார்.

என் இரண்டு வாரம் எப்போதோ முடிந்திருந்தது. கட்டுரை எழுதப்போகிறேன் என்று சாக்குச் சொல்லி நான் தொடர்ந்து போய்க்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் என் கண் இன்னொருத்தி மேலும் விழுந்தது. மஞ்சள் பை மாட்டிய நாலு வயதுக்காரி. சேர்ந்து ஐந்து மாதமாகிறது, அந்தக் கட்டடத்துக்குள் எந்தப் பெரியவரிடமும் அவள் ஒரு சொல் பேசியதில்லை. மற்ற குழந்தைகளின் காதில் எப்போதாவது கிசுகிசுப்பாள், அவ்வளவுதான். "வீட்டுல வாயை மூட மாட்டேங்கறா சார், எங்க அம்மாவையே அதட்டறா" என்று அவள் அப்பா என்னிடமே புலம்பியிருக்கிறார். மருத்துவர், வற்புறுத்தாதீர்கள், நாளாகும் என்று சொல்லியிருந்தார். ஆமை அக்கா அவளைக் கூப்பிட்டதுமில்லை, கொஞ்சியதுமில்லை. தினமும் காலையில் கொஞ்ச நேரம் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில், ஆள் தேடும் காலி வீடு மாதிரி சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகு எழுந்து போய்விடுவார். ஐந்து மாதமும் அப்படியே.

அதிகாரி வரும் நாளில் ஆமை அக்கா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். தலையை அழுந்த வாரியிருந்தார். "அக்கா இன்னிக்கு லீவு. பதினோரு மணிக்கு ஒருத்தங்க வர்றாங்க, அவங்ககூடப் பேசணும்" என்று குழந்தைகளிடம் முன்னாலேயே சொல்லிவிட்டார். ஓட்டுநர் கோபித்துக்கொண்டு வேறு பேருந்து பார்க்கப் போனார். இவர் சுவரோரம் ஒரு குட்டி நாற்காலியில் கைகளை மடியில் வைத்து, உதடு அசைய எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. மஞ்சள் பைக்காரி எழுந்து வந்தாள். பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். அதை அவள் கழற்றி நான் பார்த்ததே இல்லை. ஆமை அக்காவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, பொம்மை வீட்டு மூலையில் கிடந்த பாயைக் காட்டினாள்.

ஆமை அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு அதில் பேச உரிமையில்லை, ஆனாலும் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். வேண்டாம், இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் எழுந்து போய்ப் பாயில் படுத்துக்கொண்டார்.

சிறுமி பொம்மையின் போர்வையைக் கொண்டுவந்து போர்த்தினாள். அது கழுத்திலிருந்து நெஞ்சுவரைதான் எட்டியது. உள்ளங்கையால் ஆமை அக்காவின் கண்களை ஒவ்வொன்றாக மூடினாள். தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். உயரமான பெண்மணி, கையில் கோப்பு. பொறுப்பாளர் அம்மா அவரை அறைக்குள் அழைத்து வந்து, குட்டி நாற்காலியைக் காட்டக் கையை நீட்டினார். நாற்காலி காலி. பிறகுதான் பாயைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் அதிகாரி.

"இல்லீங்க மேடம். அவங்க... ஆட்டத்துல இருக்காங்க."

"எனக்கு இன்னும் ரெண்டு எடத்துக்குப் போகணும். எழுப்புங்க." குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

பொறுப்பாளர் அம்மா குனிந்து, "அக்கா, மேடம் வந்திருக்காங்க" என்றார். அசைவில்லை. தோளைத் தொட்டார்.  ஆமை அக்காவின் கால் விரல்கள் மடங்கி இறுகியிருந்தன. கண் திறக்கவில்லை. அதிகாரி பேனாவைத் திறந்து, கோப்பில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். "அப்போ நான் பார்த்ததை எழுதிட்டுப் போறேன்" என்றார்.

சிறுமி எழுந்தாள். நேராக அதிகாரியின் முன்னால் போய் நின்று, அண்ணாந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"சத்தம் போடாதீங்க. அவங்க தூங்கறாங்க."

தண்ணீர்க் குவளைகளை எடுத்துப் போய்க்கொண்டிருந்த பராமரிப்பாளர் நடு அறையில் நின்றுவிட்டார். பொறுப்பாளர் அம்மா புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவர்களையும் சிறுமியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பேனாவைத் தாழ்த்திக் குனிந்து, தன்னை அறியாமலே குரலையும் தாழ்த்தி, "நெஜமாவே தூங்கறாங்களா?" என்று அவளிடமே கேட்டார்.

சிறுமிக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது. மெல்லத் திரும்பிப் பாயைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

பொம்மைப் போர்வைக்கடியில் ஆமை அக்கா, மெதுவாக, சீராக, குறட்டை விட ஆரம்பித்தார்.