நம்ம கட்டெ

டிரேவர் அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் கணக்கு எழுதுகிறவன். அது சோற்றுக்கு. உயிரோடு இருப்பதற்கு அவனிடம் ஒரு வாட்சப் குழு இருக்கிறது. இணையத்தைக் கிளறி எடுத்ததையெல்லாம் தினமும் காலையில் அதில் போடுவான்: கொஞ்சம் அரசியல், கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் ஓவியம். சர்ச் ஆட்கள், பட்டறை ஆட்கள், முகம் தெரியாதவர்கள் என்று அதில் பெரிய கூட்டம். அரசியல், சிரிப்பு, ஓவியம் மூன்றும் ஒரே படத்தில் சிக்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை.

நீலசந்திராவில் அவன் வீட்டின் பின்போர்ஷனில் உத்தமன் வாடகைக்கு இருந்தான். திருப்பத்தூர்க்காரன், சுவரில் படம் வரைகிறவன். ஒரு வார்டு தலைவர் அரச மரத்தைச் சுற்றிக் கல்மேடை கட்டியிருந்தார். பின்சுவரில் தன் முகத்தை வரைந்து, அதற்கு மேல் கன்னடத்தில் 'நம்ம கட்டெ', அதாவது 'நம் மேடை' என்று எழுதச் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் வார்டில் உள்ள சுவரெல்லாம் உத்தமனுக்கு. ஊரில் இருக்கும் மனைவி சீதாலட்சுமியையும் மகளையும் இங்கேயே அழைத்துக்கொள்ளலாம் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான்.

உத்தமனுக்குக் கன்னட எழுத்து தெரியாது. வார்த்தையைப் போனில் ஆங்கில எழுத்தில் தட்டினான். ஆங்கிலத்தில் டகரத்துக்கும் தகரத்துக்கும் ஒரே எழுத்துதானே. போன் அதைக் கன்னடமாக்கி 'நம்ம கத்தெ' என்று கொடுத்தது. கன்னடத்தில் கத்தெ என்றால் கழுதை.

வரைவதற்கு முன் போனைக் கொண்டுபோய் டிரேவரிடம் நீட்டினான்.

"சார், நீங்க கன்னடம் படிச்சவங்க. சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

டிரேவருக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. எனக்கு அந்த ஆள் மேல் வயிறெரிவது இந்த இடத்தில்தான். வாய்தவறிச் சொல்லியிருந்தால் மன்னிக்கலாம். அவன் யோசித்து, நிதானமாகச் சொன்னான்.

"சக்கத்தா இருக்குப்பா, சூப்பர். அப்டியே எழுது. பெருசா எழுது."

பெரிதாகவே எழுதினான். கீழே தலைவரின் சிரித்த முகம், பல் வரிசை உட்பட, அத்தனை அழகாக வந்திருந்தது. திறப்பு விழாவன்று யாரும் வருவதற்கு முன் டிரேவர் போய்ப் படம் எடுத்துக் குழுவில் போட்டான். மதியத்துக்குள் ஊரின் மறுகோடியில், மல்லேஸ்வரத்தில்கூடச் சிரித்தார்கள். 'எங்கேய்யா புடிச்சே?' என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'அலையணும்ல' என்று பதில் எழுதினான்.

சாயங்காலம் தலைவரின் ஆட்கள் உத்தமனை அதே மேடைக்கு இழுத்துப்போனார்கள். முட்டி போட்டுக் கையை ஊன்றச் செய்து, 'நானு கத்தெ' என்று சொல்லச் சொன்னார்கள். அந்தக் கூச்சலில், தான் எழுதிய வார்த்தையைத்தான் ஒப்பிக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து அவனும் சத்தமாகச் சொன்னான். ஒருவன் வீடியோ எடுத்தான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

தோல் உரிந்த முட்டியோடு நேராக டிரேவர் வீட்டு வாசலுக்குத்தான் வந்தான்.

"சார், நான் சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கு என்னா அர்த்தம்?"

"கழுதைன்னு அர்த்தம்."

"செவுத்துலயும் அதான் எழுதி வச்சிருக்கேனா?"

டிரேவர் தலையாட்டினான்.

"நீங்க பாத்தப்ப சரியாத்தான் சார் இருந்துச்சு. செவுத்துல ஏத்தும்போது நாந்தான் மாத்திட்டேன் போல." உத்தமன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வீடியோ எடுத்தாங்க சார். எம் பொண்ணு போன் பாக்கும். இந்த நெட்டு ஆளுங்கள உங்களுக்குத்தான் தெரியும். எங்கயும் வராம பாத்துக்குங்க."

"பாத்துக்கறேன். நீ போ."

அந்த வீடியோ அதற்குள் டிரேவர் போனுக்கு வந்திருந்தது. மறுநாள் காலை அதைத்தான் குழுவில் போட்டான். 'ஓவியரே பேசுகிறார்' என்று தலைப்பும் வைத்தான். முந்தைய நாளைவிட அதிகமாகச் சிரித்தார்கள்.

உத்தமன் மேடைச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள். அவளுக்கும் கன்னடம் தெரியாது.

"அப்பா, நல்லாத்தான் பேசற. ஆனா எதுக்குப்பா முட்டி போட்டிருக்க?"