முங்குகிற படியில் எடுத்த தண்ணீர்

அமலா டீச்சர் இறந்துவிட்டதாக என் போனுக்கு வந்த படத்தை நான் நம்பவில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கே மாலை போட்டு அனுப்புகிற காலம் இது. பஸ் ஏறி, கும்பகோணத்தில் அவர் மகள் வீட்டு வாசலில் பந்தலைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். என் சாவுச் செய்தி வந்திருந்தால் டீச்சரும் அப்படித்தான் செய்திருப்பார்.

அவர் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். கொஞ்சம் படித்ததும் நானாகப் படித்தது. எங்களைச் சேர்த்தது நம் ஊர்ப் படித்துறை. அதற்குச் சற்று மேலே ஊர்ச் சாக்கடை ஆற்றில் விழுகிறது. குளித்து வருகிறவர்களுக்குச் சொறி, வயிற்றுப்போக்கு, காதில் சீழ். ஆனால் குளிக்க ஏற்ற நீர் என்று அரசுச் சோதனை முடிவு வந்தது. தண்ணீர் எடுத்துப்போன அதிகாரியை டீச்சர் படித்துறைக்கே வரவழைத்தார்.

"எங்க சார் எடுத்தீங்க?"

"பாலத்து மேலருந்து, மேடம். வாளி விட்டு."

"அங்க யாரு குளிக்கிறா? நீங்க குளிக்கிறீங்களா?"

எந்த நாளில் எடுத்தது என்றும் கேட்டார். ஆறு நிரம்பி ஓடிய நாள். உங்களுக்கே தெரியும், நம் ஆற்றில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். முறை இல்லாத நாட்களில் சாக்கடை மட்டும் மணலில் தேங்கிக் கிடக்கும். மறுபடி திறந்ததும் வரும் முதல் தண்ணீர் அத்தனையையும் வாரிக்கொண்டு வரும். அதைத்தான் கற்பூரம் காட்டி வரவேற்று, முந்திக்கொண்டு முங்குகிறோம். அன்றைக்கு ஏன் எடுக்கவில்லை என்பது டீச்சரின் கேள்வி. எனக்குக் கேள்வியே இல்லை. நாள் பார்த்துத்தான் வந்தார்கள் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

அடுத்த முறைத் தண்ணீர் வருவதற்குள் நானே ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"வாங்க, மெக்கானிக் சார். எங்க பிடிச்சது?"

"சாக்கடை விழற வாயிலேயே, டீச்சர்."

"அங்க யாரு குளிக்கிறா?"

பாட்டிலை வாங்கிக் கொல்லைப்புறத்தில் கவிழ்த்துவிட்டார். "அவங்க நிம்மதியா தூங்கணும்னு எடுத்தாங்க. நீங்க ஜெயிக்கணும்னு எடுத்திருக்கீங்க. ரெண்டையும் நான் சோதிக்க மாட்டேன்."

அவருடைய அண்ணன் மகன் நகராட்சியில் ஒப்பந்த வேலை எடுப்பவன். டீச்சரை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று டீக்கடையில் சொன்னேன். அது அவர் காதுக்கும் போனது. "என்னையும் சந்தேகப்படுங்க, நல்லதுதான். ஆனா தண்ணி வர்ற அன்னிக்கு வந்து நேர்ல பாத்துட்டு சந்தேகப்படுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

போனேன். கறுத்த நுரையோடு புதுத் தண்ணீர் வந்தது. முட்டி வலியோடு டீச்சர் படியிறங்கி, பெண்கள் முங்குகிற இடத்தில் இடுப்பளவில் நின்று, நீரோட்டத்துக்கு எதிராகப் பாட்டில் வாயைக் காட்டிப் பிடித்தார். தண்ணீர் தெளிந்த பிறகு அதே படியில் மறுபடி பிடித்தார். ஒவ்வொன்றையும் ஐஸ் பெட்டியில் வைத்து, தன் பழைய கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். முதல் பாட்டிலில் மலக்கிருமி மண்டிக் கிடந்தது. இரண்டாவது பரவாயில்லை.

இரண்டாவதை வெளியே சொல்லாதீர்கள் என்று நான் சண்டை போட்டேன். "நல்லதையும் சேத்துச் சொன்னாத்தான் கெட்டதைச் சொல்லும்போது நம்புவாங்க" என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. புதுத் தண்ணீர் தெளியும்வரை குளிக்காதீர்கள் என்று அவர் சொன்னதை ஊரே கேட்டது. நகராட்சி மட்டும் கேட்கவில்லை. சாக்கடை இன்னும் அங்கேதான் விழுகிறது.

நம் ஊரில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்த கவுன்சிலர், படித்துறைக்கு டீச்சர் பெயரை வைப்போம் என்றார். எல்லோரும் கை தட்டினீர்கள். நான் எழுந்து, "பேரு இருக்கட்டும் தம்பி, சாக்கடை எப்ப திரும்பும்?" என்றேன். "இன்னிக்குமா பெரியவரே?" என்றார். இன்றைக்குத்தான். பெயர்ப்பலகை வந்துவிட்டால் சாக்கடையைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். திறந்தால் டீச்சரை மதிக்காதவர்கள் ஆகிவிடுவோம். அதற்குத்தான் அந்தப் பெயர்.

ஐஸ் பெட்டியையும் மீதி பாட்டில்களையும் அவர் மகளிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். சாக்கடை வாயில் பிடித்தால் வேலை சீக்கிரம் முடியும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் அடுத்த முறைத் தண்ணீர் வரும்போது, டீச்சர் நின்ற படியில்தான் நிற்பேன். நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம்.